பல் போன இடத்தில் ஒரு பொத்தான்

என் மச்சினன் வைத்திருக்கும் காரில், ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் கீழே நாலு பொத்தான்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. மூன்று இடத்தில் பொத்தான் உண்டு. நாலாவது இடத்தில் வெறும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. அமுக்கினால் அமுங்காது. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போய்ப் போய் வருமே, அந்த மாதிரி அந்தக் காரை ஓட்டும்போதெல்லாம் என் விரல் அங்கே போய்விட்டு வரும். 'இங்கே என்னமோ இருந்திருக்கணுமே!'

என்ன இருந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மழைக்காலம், ஒரு டிராக்டர் வாடகை, இரண்டு ஸ்டிக்கர் பொட்டு, கொஞ்சம் ஆயுள் ஆகியவை செலவாகிவிட்டன.

கார் 2011 மாடல். வெளிநாட்டுப் பேர் போட்ட பெரிய வண்டி. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. "ஆஸ்பத்திரி, கிளப் ரெண்டைத் தவிர எங்கேயும் போனது கிடையாது சார்" என்று புரோக்கர் சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். சத்தியம் உண்மைதான் என்று பிற்பாடு தெரிந்தது. மண்ணைக் கண்டாலே அதற்கு மயக்கம் வந்தது.

மச்சினன் இருப்பதோ கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் ரோட்டிலிருந்து விலகிக் காட்டுக்குள். வெளியூர் வாசகர்கள் பயப்பட வேண்டாம். எங்கள் பக்கத்தில் காடு என்றால் புலி, சிங்கம் எல்லாம் கிடையாது. மானாவாரி நிலத்துக்குத்தான் அந்தப் பேர். பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விளைகிற கரிசக்காடு. ஊருக்குத் தார் ரோடு வந்து வெகு காலமாகிறது. அவன் வீட்டுக்கு மட்டும் ரோடு முடிந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு கிலோமீட்டர் மண் பாதை. வெயில் காலத்தில் அது சிமென்ட் தரை மாதிரி இருக்கும். மழை பெய்தால்... அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கார்த்திகை மாசம். மூணு நாளாக விட்டு விட்டு மழை. நானும் வீட்டுக்காரியும் மகளும் அங்கே போயிருந்தோம். ராத்திரி பதினோரு மணிக்கு அத்தைக்கு - என் மாமியாருக்கு - மூச்சுத் திணறல். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். "மண் பாதையில் இறங்கினா நாங்களும் மாட்டிக்கிடுவோம். தார் ரோட்டுக்குக் கொண்டு வந்துடுங்க, அங்கே நிக்கிறோம்" என்றார்கள். நியாயமான பேச்சு. ஒரு கிலோமீட்டர்தானே! அத்தையைப் பின் சீட்டில் சாய்த்து, மச்சினன் வண்டியை எடுத்தான்.

முந்நூறு மீட்டர் போயிருப்போம். வண்டி நின்றது.

மச்சினன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். எஞ்சின் உறுமுவதற்குப் பதிலாக, அதட்டல் வாங்கிய பிள்ளை மாதிரி 'ம்ம்ம்' என்று அடங்கியது. இன்னும் மிதித்தான். இன்னும் அடங்கியது. மீட்டர் போர்டில் மஞ்சளாக ஒரு படம் கண் சிமிட்டியது. ஒரு கார், அதற்குக் கீழே பாம்பு ஊர்ந்த மாதிரி இரண்டு தடம்.

"அத்தான், மிதிக்க மிதிக்க இழுவை குறையுது. இதென்ன கூத்து?" என்றான்.

பின்னால் அத்தை மூச்சு வாங்கும் சத்தம். கூரையில் மழைச் சத்தம். அந்தப் பத்து நிமிஷத்தை நான் இன்னொரு தடவை அனுபவிக்க விரும்பவில்லை.

கடைசியில் பக்கத்துக் காட்டுக்காரர் மகன் டிராக்டரைக் கொண்டு வந்தான். கார் வேண்டாம், ஆளை ஏற்று என்று முடிவு செய்து, அத்தையை டிரெய்லரில் ஏற்றி, உரச்சாக்கைப் போர்த்தி, என் வீட்டுக்காரி மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "நுரையீரலில் நீர் கோத்திருக்கு. இன்னும் தாமதம் பண்ணியிருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். அத்தை நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கார் ஐந்தாம் நாள்தான் வந்தது. வெயில் அடிக்கும்வரை அது பாதையிலேயே கிடந்தது.

அந்த டிராக்டர்த் தம்பி சொன்ன ஒரு வார்த்தை எனக்குள் கிடந்து உறுத்தியது. "சக்கரம் சுத்தவே இல்லையேண்ணே. சுத்துனாத்தானே ஏறும்?"

முதலில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம்.

கரிசல் மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்று ஒரு களி இருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் மான்ட்மோரியோன் என்ற ஊர்ப் பேரை வைத்து 1847ல் சூட்டிய பேர். இந்தக் களியை நுண்ணோக்கியில் பார்த்தால் புத்தகத்துப் பக்கங்கள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். மழை பெய்தால் பக்கங்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்துகொள்ளும். மண் ஊதும், கொழகொழவென்று ஆகும். காய்ந்தால் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேல்மண் அந்த வெடிப்பில் விழும். அடுத்த மழையில் திரும்ப ஊதும். இப்படித் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிற மண் என்பதால் விஞ்ஞானிகள் இதற்கு 'வெர்ட்டிசால்' என்று பேர் வைத்தார்கள். லத்தீனில் 'வெர்ட்டெரே' என்றால் புரட்டுவது, திருப்புவது.

தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற இந்தக் குணத்தால்தான் வாய்க்கால், கிணறு இல்லாமலே இங்கே பருத்தி விளைகிறது. கோவில்பட்டியில் 1901லேயே விவசாய ஆராய்ச்சி நிலையம் வந்ததும் இந்த மானாவாரி மண்ணை நம்பித்தான். பருத்தி வேருக்கு எது வரமோ, அதுவே சக்கரத்துக்குச் சாபம். ஈரக் கரிசலில் செருப்போடு நடந்து பாருங்கள். பத்தடிக்குள் காலுக்கு ஒரு கிலோ மண் ஏறிவிடும். அதனால்தான் எங்கள் ஊர்க்காரர்கள் மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். காருக்குச் செருப்பைக் கழற்ற முடியாது. டயர் வெட்டுகளில் மண் அப்பி, புது டயர்கூட மொட்டை டயர் ஆகிவிடும்.

மழையும் இங்கே அளவாகப் பெய்து பழகியதில்லை. வருஷமெல்லாம் வானத்தைப் பார்க்க வைத்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது கார்.

காரில் எஞ்சின் சுற்றும் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 'டிஃபரன்ஷியல்' என்று ஒரு பல்சக்கரப் பெட்டி உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும் உள் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்கு விட்டுக் கொடுக்கிற பெட்டி. பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன் இதற்கு உரிமம் வாங்கினார். அருமையான யோசனைதான். ஆனால் அதில் ஒரு ஓட்டை. ஒரு சக்கரம் சேற்றில் பிடிமானம் இல்லாமல் சுற்றினால், நல்ல தரையில் நிற்கிற சக்கரம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவன் சும்மா சுற்றினால் மற்றவனும் வேலை செய்யாமல் உட்கார்ந்துவிடுகிற மாதிரி!

டிராக்டரில் இதற்குக் காலால் அமுக்குகிற ஒரு பூட்டு உண்டு. அமுக்கினால் இரண்டு சக்கரமும் சேர்ந்துதான் சுற்ற வேண்டும். காரில் அது இல்லாததால் டிராக்ஷன் கன்ட்ரோல் என்று ஒரு காவல்காரனை வைத்தார்கள். அமெரிக்காவில் ப்யூக் கம்பெனி 1971லேயே 'மாக்ஸ்ட்ராக்' என்ற பேரில் ஒன்றைக் கொண்டுவந்தது. இப்போது வருவதெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒரு சென்சார். அது சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றினால், 'ஆஹா, வழுக்குகிறான்!' என்று அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். அல்லது எஞ்சின் வேகத்தைக் குறைக்கும். பல கார்களில் இரண்டையும் செய்யும்.

மழை பெய்த தார் ரோட்டில் இது தெய்வம். ஒரு சக்கரம் மட்டும் சரளையில் மாட்டினாலும் உதவிதான். சுற்றுகிற சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால் பலம் அடுத்ததற்குப் போகும். ஆனால் எல்லாச் சக்கரமும் ஈரக் கரிசலில் நின்றால்? அங்கே சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால்தான் டயர் வெட்டில் அப்பிய மண் தெறித்துப் போகும், பிடிமானம் கிடைக்கும். காவல்காரன் அதைத்தான் விடமாட்டான். சுற்ற ஆரம்பித்ததும் தலையில் தட்டுவான். எஞ்சின் 'ம்ம்ம்'. வண்டி நகராது. அன்றைக்கு ராத்திரி நடந்தது இதுதான்.

அதனால்தான் வண்டியோடு கொடுக்கிற கையேடுகளில், 'சேறு, மணல், பனியில் மாட்டிக்கொண்டால் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு முயலவும்' என்று எழுதியிருக்கும். எங்கள் கையேட்டிலும் இருந்தது. அணைப்பதற்கு ஒரு பொத்தானும் படம் போட்டிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'சில மாடல்களில் மட்டும்'. எங்கள் வண்டி அந்தச் சில மாடலில் சேர்த்தி இல்லை.

"பொத்தான் இல்லைன்னா என்ன, நாம வச்சிட்டாப் போச்சு" என்றான் மச்சினன்.

அவன் டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் பாதி படித்தவன். அந்தப் பாதி எந்தப் பாதி என்பதுதான் இன்றுவரை குடும்பத்தில் விவாதம். யாரோ ஒரு சிநேகிதன் சொல்லிக் கொடுத்தானாம். இடது முன் சக்கரத்து சென்சார் வயரை வெட்டினான். நடுவே டேபிள் ஃபேனுக்குப் போடுகிற ஒரு ஸ்விட்சை மாட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே தொங்கவிட்டான். செலவு நாற்பது ரூபாய். ஸ்விட்சை அணைத்தால் கம்ப்யூட்டருக்கு ஒரு சக்கரத்தின் சேதி வராது. 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் விலகிக்கொள்கிறேன்' என்று அது ஒதுங்கிவிடும்.

மார்கழியில் ஒரு மழைக்கு மறுநாள் பரீட்சை வைத்தோம். அதே இடம். ஸ்விட்சை அணைத்தான். மிதித்தான். சக்கரம் சுற்றியது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் வெள்ளை வேட்டி முழுக்கக் கரிசல் பூமி வந்து சேர்ந்தது. வண்டி உறுமிக்கொண்டு ஏறியது! மச்சினன் அன்றைக்கு ஊர் டீக்கடையில் கட்டபொம்மன் கணக்காகப் பேசினான். நானும் கூட நின்று தலையாட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது?

ஒரே ஒரு இடைஞ்சல். ஸ்விட்சை அணைத்ததும் மீட்டர் போர்டில் இரண்டு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒன்று அந்தப் பாம்புத் தட விளக்கு. இன்னொன்று, வட்டத்துக்குள் ஏ.பி.எஸ். என்ற எழுத்து. ராத்திரியில் கண்ணைக் குத்துகிறது என்றான். அவன் அக்காவின் - அதாவது என் வீட்டுக்காரியின் - கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, ஆளுக்கொன்றாக இரண்டு பொட்டு வைத்தான். மீட்டர் போர்டு மங்களகரமாக ஆகிவிட்டது.

பங்குனி மாசம். அத்தையை மாதாந்திரப் பரிசோதனைக்குத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போக வேண்டும். மச்சினனுக்கு வேலை. நான் ஓட்டினேன். பின்னால் அத்தையும் என் மகளும். கோவில்பட்டி தாண்டி நாலு வழிச் சாலையில், கயத்தாறுக்கு முன்னால், பருவம் தப்பி ஒரு தூறல். மாசக் கணக்கில் மழை காணாத ரோடு. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் முதல் தூறலில் குழைந்து எப்படி வழுக்கும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

முன்னால் போன லாரிக்குக் குறுக்கே நடுத்திட்டு இடைவெளி வழியாக ஓர் ஆட்டு மந்தை. லாரி பிரேக் அடித்தது. நானும் அடித்தேன்.

சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. 'க்ரீச்' என்று சத்தம். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் போனது. பின்பக்கம் வலப்புறமாக வாலை ஆட்டியது. லாரியின் பின்பலகை பெரிசாகிக்கொண்டே வந்தது. 'ஒலி எழுப்பவும்' என்ற எழுத்து, அதற்குக் கீழே பூப்படம், பூவுக்குக் கீழே பெயின்டர் சின்னதாகப் போட்டுக்கொண்ட தன் பேர் வரைக்கும் படித்தேன். வண்டி நின்றது.

இறங்கி அளந்து பார்த்தேன். ஒரு சாண்.

கட்டபொம்மனுக்குக் கயத்தாறில் கதை முடிந்தது 1799ல். எங்களுக்குக் கயத்தாறு வந்து சேரும் முன்பே முடிந்திருக்கும். முன் சீட்டில் மோதிக்கொண்ட மகள் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். தூங்கிக்கொண்டு வந்த அத்தை கண்ணைத் திறந்து, "என்ன மாப்பிள்ளை, திருநெல்வேலி வந்துட்டா?" என்றாள்.

கை நடுக்கம் நின்றதும் குனிந்து பார்த்தேன். ஃபேன் ஸ்விட்ச் அணைந்தே கிடந்தது. இரண்டு வாரத்துக்கு முன் தண்ணீர் பாய்ச்சிய ஒரு காட்டில் வண்டி மாட்டியபோது அணைத்தது. திரும்பப் போட மறந்தாயிற்று. பொட்டுகளைப் பிய்த்தேன். அடியில் இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. பாவம், இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. அவை வாயில் நாங்கள்தான் பொட்டு வைத்து ஒட்டியிருந்தோம்.

அத்தையைக் காப்பாற்றுவதற்காக வைத்த ஸ்விட்ச், அதே அத்தையையும் என் மகளையும் லாரிக்கு அடியில் விடப் பார்த்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை கோவில்பட்டியில் ஒரு பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டோம். அறுபது வயது தாண்டியவர். மற்றவர்கள் காதில் பீடி செருகுவார்கள், இவர் டெஸ்டர் செருகியிருப்பார். வயரைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். "யாரு தம்பி பண்ணுனது?" என்றார். மச்சினன் வெளியே போய் ஏதோ போன் பேசினான்.

"அண்ணாச்சி, டிராக்ஷன் கன்ட்ரோலை மட்டும்தானே அணைச்சோம்? பிரேக் ஏன் இப்படிப் பண்ணிச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க அண்ணாச்சி" என்றார். "வண்டி கிளம்பும்போது எந்தச் சக்கரம் வேகமா சுத்துதுன்னு பாத்தா அது டிராக்ஷன் கன்ட்ரோல். பிரேக் அடிக்கும்போது எந்தச் சக்கரம் நின்னு போச்சுன்னு பாத்தா அது ஏ.பி.எஸ். பாக்குற கண்ணு ஒண்ணுதான். நீங்க கண்ணையே புடுங்கிட்டீங்க."

விஷயம் அவ்வளவுதான். உருளுகிற சக்கரத்துக்குத்தான் ரோட்டைப் பிடிக்கவும் தெரியும், திரும்பவும் தெரியும். பூட்டிக்கொண்ட சக்கரம் வெறும் சறுக்குக் கட்டை. பிரேக்கை மிதித்தபடி இருக்கும்போதே ஏ.பி.எஸ். நொடிக்குப் பல தடவை பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு சக்கரத்தை உருள வைக்கும். 1978ல் பாஷ் கம்பெனி செய்து, பென்ஸ் காரில் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து தயாராகும் கார்களுக்கு இது கட்டாயம். அதோடு, முன் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக், பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பங்கு போடும் வேலையையும் அதே கம்ப்யூட்டர்தான் பார்க்கிறது. அது விலகிக்கொண்டால் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி வாலாட்டலாம். எங்கள் வண்டி ஆட்டியதே! வெட்டியது ஒரு வயர். போனது மூன்று காவல்.

"சரி அண்ணாச்சி, மழைக்காலத்துக்கு என்ன வழி? பாதை பாதையாத்தானே இருக்கு?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு சின்னப் பிளாஸ்டிக் நெம்பியை எடுத்து, அந்தப் பல் போன இடத்து மூடியை 'டக்' என்று நெம்பினார். கையை உள்ளே விட்டார். நாடாவில் சுற்றி ஓரமாகக் கட்டி வைத்திருந்த ஒரு வயர் முனையை வெளியே இழுத்தார். அதன் நுனியில் பிளக்கும் இருந்தது!

"வெலை கூடுன மாடலுக்கும் கொறைஞ்ச மாடலுக்கும் வயர்க்கட்டு ஒண்ணாத்தான் சில வண்டியில வரும். பொத்தானை மட்டும் வைக்க மாட்டான்" என்றார்.

பன்னிரண்டு, பதிமூன்று வருஷமாக அந்த வயர் மூடிக்குப் பின்னால் பொத்தானுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. என் விரலுக்குத் தெரிந்தது எங்கள் மூளைக்குத் தெரியவில்லை.

சென்னை புதுப்பேட்டையில் கழித்துப் போட்ட வண்டிச் சாமான் விற்கும் கடையிலிருந்து அதே மாடல் பொத்தான் கூரியரில் வந்தது. அண்ணாச்சி முதலில் ஃபேன் ஸ்விட்சைக் கழற்றி மச்சினன் கையில் மரியாதையாகக் கொடுத்தார். சென்சார் வயரை ஈயம் வைத்து ஒட்டி, தண்ணீர் புகாமல் உறை போட்டார். கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பழைய கோளாறுகளை அழித்தார். பொத்தானை மாட்டி அமுக்கினார். ஒரே ஒரு விளக்கு எரிந்தது, பாம்புத் தட விளக்கு மட்டும். ஏ.பி.எஸ். விளக்கு எரியவில்லை. பிரேக்கின் கண்ணைப் பிடுங்காமல், காவல்காரனை மட்டும் 'கொஞ்சம் வெளியே நில்லப்பா' என்று சொல்கிற பொத்தான்.

பிறகு செய்தார் பாருங்கள், அதுதான் வேடிக்கை. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். திரும்பப் போட்டார். பாம்புத் தட விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. காவல்காரன் தானாகவே வேலைக்கு வந்துவிட்டான்!

"மனுசன் மறப்பான்னு தெரிஞ்சு வச்சிருக்கான் அண்ணாச்சி. ஒங்க மச்சினன் ஸ்விட்ச்சுக்கு அது தெரியாது" என்றார்.

பொத்தான் இல்லாத பழைய வண்டிக்காரர்கள் உடனே மூடியை நெம்பக் கிளம்பிவிடாதீர்கள். எல்லா வண்டியிலும் பின்னால் வயர் இருக்காது. வயர் இருந்தாலும் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ள வேண்டும். விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். சில வண்டியில் பொத்தான் இருக்கும், வெறுமனே தொட்டால் போதாது, சில விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். கையேட்டைப் பாருங்கள். வயரை வெட்டுவது, ஃபியூஸைப் பிடுங்குவது இரண்டும் வேண்டாம். வண்டியின் அமைப்பைக் கண்டபடி மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கடிவாளம் போட்டிருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவதும் இந்த மாதிரி வெட்டு ஒட்டுகளைத்தான். அதையெல்லாம் விடுங்கள், அந்த ஒரு சாண் தூரம் எல்லாருக்கும் கிடைக்காது.

பொத்தான் இருந்தாலும் அது மந்திரம் இல்லை. அணைத்துவிட்டு ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கும். சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணைக் கையால் வாரிவிட்டு, பருத்திமாரோ சோளத்தட்டையோ போட வேண்டும். சீமைக்கருவேலங் கிளை வேண்டாம், முள் டயருக்குள் போகும். அது நாங்கள் தனியாகச் செலவு செய்து கற்றுக்கொண்ட பாடம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, மெதுவாக முன்னே, பின்னே என்று தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டி எடுக்க வேண்டும். தள்ளுகிறவர்கள் சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. என் வேட்டியைக் கேட்டால் சொல்லும். நாலு தடவையில் வரவில்லையென்றால் கௌரவம் பார்க்காமல் டிராக்டருக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்கும் மேல், ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசில் வீட்டில் ஆள் இருந்தால், மழைக்கு முன்பே வண்டியைக் கொண்டுபோய்த் தார் ரோட்டு ஓரத்தில் நிறுத்திவிடுவது எல்லாப் பொத்தானையும்விட உத்தமம்.

போன ஐப்பசியில் திரும்பவும் மழை. அத்தைக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, டாக்டரையும் பார்க்க வேண்டும். அதே பாதை, அதே இடம், கிட்டத்தட்ட அதே பள்ளம். வண்டி நின்றது. மச்சினன் பொத்தானை அமுக்கினான். நான் இறங்கிப் பருத்திமாரைப் போட்டேன். முன்னே, பின்னே, முன்னே... மூன்றாவது ஆட்டத்தில் ஏறிவிட்டது. முன் சீட்டில் அத்தை சாமி தேரில் வருகிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தார் ரோடு வந்தது. மச்சினன் அப்படியே திருப்பப் போனான்.

"ஏலே, நில்லு" என்றாள் அத்தை. "வண்டிய அமத்து."

"எதுக்கும்மா?"

"அமத்துன்னா அமத்து. அண்ணாச்சி சொன்னது மறந்து போச்சாக்கும்?"

வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தான். மழை ஓய்ந்து தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பப் போட்டான். மஞ்சள் விளக்கு எரிந்தது. அத்தை முன்னால் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அது அணைகிற வரைக்கும் பார்த்தாள்.

"ம். இப்பம் போ" என்றாள்.